அம்மாவின் இடது கண்

உக்குவளை

அண்ணா,

போன் எடுக்க மாட்டீங்க, அதான் எழுதுறேன்.

கல்யாண வீட்டுல நான் போட்ட மருதாணியப் பார்த்துட்டு, கண்டி டாட்டூ கடைக்காரர் ஒருத்தர் தொழில் பழக வரச் சொன்னாரு. அம்மா செத்து முப்பத்தொண்ணாம் நாள் காரியத்துக்கு நான் வரஞ்ச அவங்க படத்த, சொந்தக்காரங்க முன்னாடி, "இது அம்மா மாதிரியே இல்ல"ன்னு நீங்க கழட்டினதிலேர்ந்து எனக்குப் பென்சிலத் தொட்டாலே கை கூசுது. அதனால வரலன்னு சொல்லத்தான் நேத்து போனேன்.

கடைச் சுவத்துல அவர் குத்தின டாட்டூ போட்டோ நிறைய இருந்துச்சு. ஒண்ணுல, ஒரு ஆளோட நெஞ்சுல, நான் வரஞ்ச அதே அம்மா. கட்டாருக்கு வேலைக்குப் போறவர் ஒருத்தர் கொண்டுவந்த படமாம். யாரு வரஞ்சதுன்னு அவர் கேட்டதுக்கு, நீங்க இன்டர்நெட்ல எடுத்ததுன்னீங்களாம்.

நம்ம அம்மா இன்டர்நெட்லயா இருக்காங்க, அண்ணா?

வரஞ்சது நான்தான்னு அவர்கிட்ட சொல்லல. திங்கக்கிழமை வர்றேன்னு மட்டும் சொன்னேன்.

நீங்க அன்னைக்குச் சொன்னதும் பொய்யில்ல. அம்மாவோட இடது கண்ணு அவ்வளவு கீழ இருக்காது. அது என் கை செஞ்ச பிழை. நான் பழகித் திருத்திக்குவேன். உங்க நெஞ்சுல இருக்கறது அப்படியேதான் இருக்கும்.

தங்கச்சி