ஆய்வு மையத்துக்கு ஒழித்த அறை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால்தான் எனக்கு மேலே கை ஓடும், அதனால் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா? போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்க்கிற டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நடந்த கூத்தைக் கேள். டிரஸ்ட் பணம் இனி ஒரு ஆய்வு மையத்துக்குப் போகும் என்று பேச்சு வந்ததும், ரத்தம் சிறுநீர் பார்க்கிற இடம் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். இலவச பிசியோதெரபி கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையை ஒழித்து, உடைந்த கட்டில்களை வெளியே தள்ளி, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று, வாஷ்பேசினை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கும் ஆஸ்பத்திரி கூட்டுகிற ஆயாவுக்கும் சண்டை வேறு. டிரஸ்டை ஆரம்பித்த பெரியவர் போனபிறகு அவர் மகள்தான் எல்லாம் பார்க்கிறார், அவர் வந்து அறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது டெஸ்ட் எடுக்கற இடம் இல்லைம்மா, அரசாங்கம் என்ன சட்டம் போடணும், எதை நிறுத்தணும்னு எழுதிக் குடுக்கற இடம் என்றார். கூடத்தை வருஷக் கடைசியோடு மூடுகிறார்களாம். எத்தனை பேருக்குத்தான் கை கால் பிடிச்சு விட்டுட்டே இருக்கறது, சட்டம் மாறினா எல்லாருக்கும் நல்லதுதானே என்று தன்மையாகத்தான் சொன்னார், கெட்ட மனுஷி இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, உங்க பையனே அங்கதானே எழுதறாரு, உங்களுக்குத் தெரியாததா என்றார். தெரியும் என்று சொல்லவும் வெட்கம், தெரியாது என்று சொல்லவும் வெட்கம். ஆராய்ச்சி வேலை என்று நீ சொன்னதை வைத்து, நீ மருந்து கண்டுபிடிப்பதாக ஆயா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள், நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உன்மேல் கோபமில்லை, கோபப்படத் தெம்பும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்று உனக்கும் தெரிந்திருக்காது. பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் என்று டாக்டர் தினமும் பிடுங்குகிறார், உன் வேலைக்கு உலை வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அப்பா அந்தக் கூடத்துக்குப் போய்த்தான் தேறிவருகிறார், பக்கவாதத்தில் விழுந்த கை இப்போது சட்டைப் பொத்தானில் பாதியைப் போட்டுவிடுகிறது. நேற்று, பெரியவர் மகள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போன உன் கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னார். இலவசமாகக் கிடைத்தால் மனிதன் முயற்சி செய்யமாட்டான் என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நல்லா எழுதறான்டி என்று பெருமைப்பட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ கேட்டார், நாக்குக் குழறியதில் எனக்குப் புரியவில்லை, மறுபடியும் கேட்டார். இதுல நானும் சேர்த்தியா என்றுதான் கேட்டிருக்கிறார்.

நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கழுத்தைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே போ. சாயங்காலமாகப் பார்த்து அப்பாவைக் கூப்பிடு, அவர் கேட்டதற்கு நீயே பதில் சொல். அவர் வாயிலிருந்து வார்த்தை வர நேரமாகும், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துப் போனை வைத்துவிடாதே.

உன் அம்மா