அத்தை ஏறிய விமானம்

திண்டுக்கல்,
6 ஜனவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

ஆண்டவர் துணையால் இங்கே நானும் அம்மாவும் சுகம். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் கடிதம் எழுதுகிறேன். சேலத்துக்கு வேலை மாற்றல் என்று போனவள், அங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறாயாமே? கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "எம்புள்ள பைலட் ஆவுறத அழுது கெடுத்தவ, இப்ப அவ பறக்கப் போறாளாக்கும்" என்கிறாள். மனசில் வைத்துக்கொள்ளாதே. அதையெல்லாம் விட்டுவிட்டு வீட்டுக்கு வா.

உன் அன்புக் கணவன்,
ஸ்தனிஸ்லாஸ்


சேலம்,
19 ஜனவரி 2025

ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

நீங்கள் படித்த அதே விமானப் பயிற்சிப் பள்ளியில்தான் சேர்ந்திருக்கிறேன். தெரிந்தேதான் சேர்ந்தேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியகருப்பன் சார்தான் எனக்கும். நான் யாரென்று தெரியாமல் ஒருநாள் சொன்னார்: "திண்டுக்கல்காரர் ஒருத்தர் இருந்தாரும்மா. நல்லாத்தான் ஓட்டுவாரு. இனி தனியா ஓட்டுங்கன்னு நான் இறங்கினா, அவரும் கூடவே இறங்கிட்டாரு. பயமா இருக்குன்னாரு. அதோட வரவே இல்ல."

பயந்தது தப்பில்லை. முதல் தடவை தனியாக மேலே போனபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் காலைப் பிடித்து அழுததால்தான் பயிற்சியை விட்டீர்கள் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே? கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அந்தப் பேச்சைக் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அத்தை என்னைக் கரித்துக் கொட்டும்போது, நீங்கள் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஈஸ்டருக்குள் அத்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் என் வழியில் நான் சொல்வேன்.

மரியசெல்வி


திண்டுக்கல்,
12 ஏப்ரல் 2025

செல்வி,

சொல்லத்தான் போனேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. தனி வீடு பார்க்கிறேன். நீ லைசென்ஸ் வாங்கு, முதல் ஆளாக நானே உன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். அம்மாவிடம் மட்டும் வேண்டாம்.

ஸ்தனிஸ்


சேலம்,
3 நவம்பர் 2025

ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

லைசென்ஸ் வந்ததும் உங்களைத்தான் முதலில் அழைத்தேன். அன்று பார்த்து உங்களுக்குக் காய்ச்சல். ஆகவே அத்தையைக் கூப்பிட்டேன். வடமதுரைக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு, "நீ ஓட்டுறத என் கண்ணால பாக்கணும்" என்று இங்கே வந்து நின்றார்.

திண்டுக்கல் வரை போய்த் திரும்பினோம். மலைக்கோட்டை தெரிந்ததும் செபமாலையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். நம் தெரு எதுவென்று காட்டினேன். நீங்கள் வீட்டில்தான் இருந்திருப்பீர்கள்.

"இம்புட்டு அழகா இருக்கு. இதையா எம்புள்ளைய பாக்கவிடாம பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணல அத்தை. கீழ இறங்கினதும் பெரியகருப்பன் சாரைக் கேளுங்க."

கேட்டார். சார் சொன்னார். அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயந்தது போகட்டும் தாயி. என்னைய வச்சில்ல உன்னைய அடிச்சிருக்கான்" என்றார்.

நான் நினைத்தபடியே நடந்துவிட்டது. மனசு குளிர்ந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அத்தை என்னோடுதான் இருக்கிறார். நீங்களே வந்து கூட்டிப்போனால்தான் வருவாராம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று உங்களைக் கேட்கக் காத்திருக்கிறார். யோசித்துக்கொண்டு வாருங்கள். இந்த முறை பதிலில் என் பெயர் வரக் கூடாது.

மரியசெல்வி