கேட்கிற ஓம்

இன்று காலை அச்சுவேலிச் சந்தையில் ஒரு வியாபாரி தன் கத்தரிக்காயின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். எதிரே நின்ற பெண் "ஓம்... ஓம்..." என்று தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் நடையைக் கட்டினாள். வியாபாரி கோபிக்கவில்லை. அவள் வாங்குவதாகவா சொன்னாள்? கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. வெறும் பையோடு திரும்பி வந்து உமக்கு எழுதுகிறேன். நீர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். "ஐசே" என்று என்னைக் கூப்பிட இப்போது ஒருவரும் இல்லை.

நீதவான் கோட்டில் நீர் மொழிபெயர்ப்பாளர், நான் எழுதுவினைஞர். சிங்களப் பரீட்சை எழுதித் தேறாவிட்டால் வேலை நிலைக்காது என்றிருந்த காலம் அது. "நாப்பது வயசிலை திரும்ப ஆனா ஆவன்னாவோ?" என்று நீர் சிரிப்பீர். நான் பயந்து பயந்து படித்து, இரண்டு முறை கோட்டை விட்டு, மூன்றாம் முறை தேறியவன்.

அந்த நாள் தொண்டைமானாற்று மீனவர் ஒருவர் கூண்டில் நின்றார். கள்ளச் சாமான் இறக்கினார் என்று வழக்கு. வழக்குப் பேச ஒரு பிரக்கிராசி வைக்க வசதியில்லை. அன்றைக்குக் கடலுக்கே போகவில்லை என்று சாட்சி சொல்ல மனைவி வெளியே காத்திருந்தாள். தெற்கிலிருந்து புதிதாக வந்த நீதவானுக்குத் தமிழில் நாலைந்து சொல்தான் தெரியும். குற்றச்சாட்டை நீர் வரி வரியாகத் தமிழில் சொல்ல, மீனவர் மரியாதையாக "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று கேட்டுக்கொண்டு நின்றார். குற்றவாளியா சுற்றவாளியா என்று நீர் கேட்கு முன்பே, ஒப்புக்கொண்டதாக நீதவான் எழுதிவிட்டார்.

அது சம்மதிக்கிற ஓம் இல்லை, கேட்கிற ஓம் என்று ஆங்கிலத்தில் மன்றாடினீர். நீதவான் என் பக்கம் திரும்பினார். ஓம் என்றால் யெஸ்தானே?

என் வேலையை உறுதிப்படுத்தும் கடிதம் அவர் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

"யெஸ் சேர்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கூசுகிறது.

ஆறு மாதச் சிறை. கூட்டிக்கொண்டு போகும்போது அந்த மனிதர் உம்மைத் திரும்பிப் பார்த்தார். "ஐயா, என்னட்டை இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே?"

நீர் மேலிடத்துக்கு மனு எழுதினீர். வந்தது உமக்கு இடமாற்றம்தான். பஸ் ஏறும்போதும் என்னை ஏசவில்லை. "விடும் ஐசே, உமக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றீர்.

செத்தவீட்டன்று உம்முடைய மகள் அந்த மனுவின் பிரதியை என்னிடம் தந்தாள். கீழே உம்முடைய கையெழுத்து. அதற்கும் கீழே, அச்சடித்த என் பெயர். என் பெயருக்கு மேலே கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது. என்னிடம் நீர் அதைக் காட்டவே இல்லை.

ஒருக்காவது கேட்டிருக்கலாமே, ஐசே. கேட்டிருந்தால் போட்டிருப்பேனோ என்று எனக்கே தெரியாது. உமக்குத் தெரிந்திருக்கிறது.