கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முயல்கள்

இன்று ஆயுத பூசை. சாம்பிராணிப் புகையையும் மீறி ஈர உமியின் நெடி மூக்கில் ஏறியது. எலிக்கூண்டில் பரப்பிய உமியில் மூத்திரம் ஊறிய அந்த நெடியை நம் மருந்தியல் துறையில் வேலை பார்த்த யாரும் மறக்க முடியாது. உன் நினைவு வந்தது. கோபமும் கூடவே வந்தது.

பூசையன்று தராசிலிருந்து பல்கலைக்கழகப் பேருந்து வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். விலங்குக்கூடத்தை மட்டும் பூட்டி, முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டிவிடுவார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்துபோகும் நாளாயிற்றே! பொறுப்பு உன்னிடம் வந்த வருஷம் நீ பேனரை அவிழ்த்துக் கதவைத் திறந்தாய். கூண்டு கூண்டாகப் பொட்டு வைத்தாய்.

"என்னடி பண்றே?" என்று பதறினேன்.

"நம்ம பொழப்பே இதுங்களாலதானடி ஓடுது. மறைச்சு வெச்சுட்டு என்னத்துக்குப் பூசை?"

மகளைப் பார்க்கக் கடத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "இதுங்கள என்னங்க பண்ணுவீங்க?"

"மருந்து குடுத்துப் பாப்போம்ங்க. முடிஞ்சதும் கொன்னுடுவோம். வலிக்காம செய்யத்தான் பாக்குறோம். சிலதுக்கு வலிக்கும்ங்க."

அந்த அம்மா கூச்சல் போடவில்லை. "எங்க வூட்டுக்காரர் போடுற சக்கர மாத்திரைக்கும் இப்டித்தானா?" என்றுதான் கேட்டார். கூச்சல் போட்டவர் நம் துறைத்தலைவர். மறுநாளே உன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு தொப்பூர் இறக்கத்தில் லாரி மோதி நீ போய்விட்டாய். அதற்கு நான் அவரைக் குறை சொல்ல முடியாது. சாவிக்குச் சொல்வேன், சாகும்வரை சொல்வேன்.

இப்போது சாவி என்னிடம். அதே அறைக்கு இன்று கண்ணாடிச் சுவர். மேலே உன் பெயர். கீழே 'ஒளிவுமறைவற்ற ஆய்வு' என்று தங்க எழுத்து. உள்ளே இரண்டு வெள்ளை முயல்கள், கழுத்தில் சாமந்தி மாலை. எலிகளையெல்லாம் போன வாரமே பின்கட்டடத்துக்கு மாற்றியாயிற்று. பழைய பேனர் அங்கே தொங்கியது. ரிப்பன் வெட்டிய அதே துறைத்தலைவர் மைக்கில் உன்னை "என் தங்கச்சி மாதிரி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொம்மிடியிலிருந்து வந்த ஒருவர், முதலாண்டு மாணவியின் அப்பா, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டார். "இதுங்கள என்னங்க பண்ணுவீங்க?"

"சும்மா வளக்குறோம்ங்க" என்றார் தலைவர்.

"இல்லீங்க," என்றேன். "இது பார்வைக்கு வெச்சது. சோதனைக்கு உள்ளதெல்லாம் பின்னாடி இருக்குதுங்க. முடிஞ்சதும் கொன்னுடுவோம். வாங்க, காட்டுறேன்."

தலைவரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த மனிதர் பொரிப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பேனர் முடிச்சு இறுகிப்போய் எனக்கு அவிழவில்லை. அவர்தான் அவிழ்த்துக் கொடுத்தார்.

நாளைக் காலை சாவியைக் கேட்பார்கள். கொடுத்துவிடுவேன். பேனரை மட்டும் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். உமி நெடி அடிக்கிறதடி.