உள்ளே கைப்பிடி வேண்டாம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பல் டாக்டர் மாப்பிள்ளை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். இருவரில் ஒருத்தி அப்படி நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் போன் செய்து செய்து கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். தப்பாக நினைக்காதீர்கள். உங்களோடு பேசி முடித்தால் அன்று முழுக்க உங்கள் தங்கை அழுகிறாள். அதனால் அவள் போனை நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். கடிதம் நல்லது. ஆற அமர எழுதலாம், ஆற அமரப் படிக்கலாம்.

உங்களிடம் ஓர் உதவி. நீங்கள் செய்கிற மறைவுக் கதவுகளைப் பற்றி என் பேஷண்டுகள்கூடப் பேசுகிறார்கள். புத்தக அலமாரியைத் தள்ளினால் பின்னால் அறை திறக்குமாமே! எனக்கும் ஒன்று வேண்டும். கிளினிக்கிலிருந்து வீட்டுக்குப் போகிற நடையில் ஸ்டோர் ரூம் இருக்கிறதல்லவா, அதன் வாசலை அலமாரியால் மறைக்க வேண்டும். அங்கே ஒரு கதவு இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. உள்ளே இருக்கும் சத்தம் வெளியே வரக்கூடாது. நாள் பூராவும் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்கிறேன், வீட்டிலாவது மூடியிருக்கட்டுமே! (தமாஷுக்குத்தான்.)

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். "அக்காவுக்கு ஏதாவது எழுதணுமா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை


மார்ச் 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. பட்டறையில் மரத்தூளுக்கு நடுவே நின்றபடி படித்தேன். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரியாவது கிடைத்ததே, அதற்கே சந்தோஷம்.

வேலை விஷயம். மறைவுக் கதவைக் காட்டிக்கொடுப்பது அலமாரி அல்ல, தரை. அலமாரி திறந்து மூடும்போது தரையில் பிறை மாதிரி ஒரு தேய்மானம் விழும். அதைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அதனால் சக்கரம் வைக்க மாட்டேன். பக்கவாட்டுக் கீலும் புத்தகக் கனத்தைத் தாங்காது, ஒரு மழைக்காலத்தில் தொங்கிவிடும். மேலும் கீழும் முளை வைத்துச் சுழலவிட்டால்தான் ஒரு விரலால் தள்ளலாம்.

ஆனால் ஒன்று தெரிய வேண்டும். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்? எதுவானாலும் உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி வைக்காமல் நான் எந்தக் கதவும் செய்வதில்லை. பூனையானாலும் மனுஷரானாலும், மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அடுத்த கடிதத்தில் அவள் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அறை உங்கள் தங்கைக்குத்தான்.

அவளுக்கு மனசு சரியில்லை. கிளினிக் நேரத்தில் நேராக உள்ளே வந்துவிடுகிறாள். போன வாரம் ஒரு பெரியவர் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கிறார், வாய்க்குள் பஞ்சு. அவர் காதில் போய், "இவர் என்னை அடைச்சு வச்சிருக்கார், யார்கிட்டயாவது சொல்லுங்க" என்கிறாள். அவர் பாவம், "ஆ... ஆ..." என்று கத்துகிறார். நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளினிக் நேரத்தில் மட்டும் அவள் உள்ளே அமைதியாக ஓய்வெடுக்கட்டும். அதற்குத்தான் இது. எனவே உள்ளே கைப்பிடி வேண்டாம். சந்துப் பக்கம் உள்ள ஜன்னலையும் அடைத்துவிட வேண்டும்.

எழுதச் சொன்னேன். கை வலிக்கிறது என்கிறாள்.

உங்களால் முடியாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவிலேயே ஒரு ஆசாரி இருக்கிறார். நல்ல வேலைக்காரர், கேள்வி கேட்க மாட்டார்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை


மார்ச் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசாரி வேண்டாம். நானே வந்து செய்கிறேன்.

சத்தம் நிற்க வேண்டுமானால் உள்சுவர் நாலுக்கும் பலகை அடித்து, இடையில் பஞ்சு அடைக்க வேண்டும். ஜன்னல் வேலையையும் என்னிடமே விட்டுவிடுங்கள். கொத்தனார் ஒருவர், தச்சர் ஒருவர் என்று போனால் ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுப்பார். நீங்கள் சொன்னபடியே உள்ளே கைப்பிடி இருக்காது.

அவளிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

கை கொடுங்கள்! எப்பேர்ப்பட்ட வேலை! காத்திருக்கிற பேஷண்டுகள் அந்த அலமாரியில் சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள், பூட்டிவிட்டால் இம்மியும் அசைவதில்லை. ஒரு அம்மாள் புத்தகம் ஒன்றை உருவிப் புரட்டிவிட்டுத் திரும்பச் செருகினாள். பின்னால் ஓர் அறை இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். உள்ளே ரேடியோவை வைத்துப் பார்த்தேன், முணுக்கென்று ஒரு சத்தம் வரவில்லை.

அவள் அடம் பிடிப்பாள் என்று பயந்தேன். "நானே போறேன், விடுங்க" என்று சொல்லிவிட்டு மகராசி மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இங்கே வேலை செய்த நாளெல்லாம் அக்காவும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவே இல்லையே, ஏதாவது மனஸ்தாபமா? நான் வாசலிலேயேதான் நின்றிருந்தேன். உங்கள் இழைப்பு மெஷினைத் தவிர ஒரு சத்தமும் கேட்கவில்லை.

தங்கள் அன்பு மாப்பிள்ளை


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை இப்போது வெளியே வருவதே இல்லை. கிளினிக் முடிந்ததும் வழக்கம்போல் அலமாரியைத் திறக்கிறேன். கடைசி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பல்பு போய்விட்டது. மாற்றினேன், மறுநாளே போய்விட்டது. நடையின் வெளிச்சம் அந்த மூலை வரை எட்டாது. "வாம்மா, போதும்" என்கிறேன். "ம்" என்கிறாள். எழுந்திருப்பதில்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன். கோபம்தானே, ஆறட்டும் என்று விட்டேன். தட்டை வாசலுக்கு உள்ளே வைத்தால் காலையில் காலியாக இருக்கிறது. அதுவரை சரி.

உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஒரு நாள் உள்ளே காலடி எடுத்து வைத்தேன். அவள் தலை திரும்புகிற மாதிரி இருந்தது. வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

மூன்று நாள் முன்பு மத்தியானம் ஒரு பையனுக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து தட்டுகிற சத்தம். மெதுவாக, விரல் கணுவால் தட்டுகிற மாதிரி. பையனைக் கேட்டேன், அவனுக்குக் கேட்கவில்லையாம். நடைக்குப் போய் அலமாரியில் காதை வைத்தேன். அக்கா, தட்டுகிற இடம் அவள் கை எட்டுகிற உயரத்தில் இல்லை. உச்சித் தட்டுக்குப் பின்னால், கூரையை ஒட்டி.

இப்போது நான் பூட்டுவதில்லை. இரண்டு நாளாகத் திறந்தே போட்டிருக்கிறேன். பேஷண்டுகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியும் அவள் வரவில்லை.

நீங்கள் வந்து கூப்பிட்டால் வருவாள். போனைக் கொடுத்துவிடுகிறேன். எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள். தயவுசெய்து வாருங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 29

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். என்னை ஆழம் பார்க்க எழுதியிருக்கிறீர்களோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி இல்லை என்று இப்போது தெரிகிறது. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வேலையை நான் ஒப்புக்கொண்டது நீங்கள் ஆசாரியைக் கூப்பிட்டுவிடுவீர்கள் என்பதால். அவர் நீங்கள் கேட்டதை மட்டும் செய்துவிட்டுப் போயிருப்பார். நான் இரண்டு கதவு செய்தேன். சந்துப் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து நான் அடைக்கவில்லை. அது பலகை. வெளியே சுவர்ப் பூச்சு மாதிரி மெழுகியிருக்கிறது, உள்ளே மற்ற பலகைகளோடு பலகையாக இருக்கிறது. கீழ் மூலையை முழங்காலால் அழுத்தினால் திறக்கும். இழைப்பு மெஷினை ஓடவிட்டுக்கொண்டுதான் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னிக்கே வந்துடு" என்றேன். "பயமா இருக்கு, என் நேரத்துக்கு விடு" என்றாள். விட்டேன்.

அவள் மே மாதக் கடைசியில் வந்துவிட்டாள். உங்கள் கிளினிக்கில் கூட்டம் நெரிகிற நேரத்தில் கிளம்பி, உடுத்திய உடையோடு பஸ் ஏறி வந்தாள். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பட்டறையில் எனக்குப் பலகை பிடித்துக் கொடுக்கிறாள். நீங்கள் போலீஸோடு வந்து நிற்பீர்கள் என்று எதிர்பார்த்து ஒரு வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லி வைத்தோம். நீங்கள் வரவே இல்லை. பெண்டாட்டியைக் காணோம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஏன் என்று எங்களுக்குப் புரியாமலே இருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

நீங்கள் யாருக்குச் சாப்பாடு வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

வேறு யாராவது சந்து வழியாக உள்ளே புகுந்திருப்பார்களோ என்று நேற்று உங்கள் ஊருக்கு வந்தேன். பட்டப்பகல். அவள் என்னிடம் வந்து சேர்ந்த மறுநாள் நான் சந்துக்கு வந்து, திறந்த தடம் தெரியாமல் பலகை ஓரத்தில் பூசிவிட்டுப் போன சாந்து விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. யாரும் அந்த வழியாக நுழையவில்லை. எதற்கும் திறந்து பார்த்துவிடலாம் என்று பலகையில் கையை வைத்தேன். அது என் பக்கமாக மெல்ல உப்பியது. உள்ளிருந்து ஒரு ஆள் முழுக் கனத்தோடு சாய்ந்தால் எப்படி உப்புமோ அப்படி. நான் திறக்கவில்லை. கையோடு கொண்டுபோன திருகாணிகளை வரிசையாக முடுக்கிவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சந்துப் பக்கம் இனி யாராலும் திறக்க முடியாது. நடைப் பக்கம் நீங்கள் திறந்தே போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வீட்டை விட்டுப் போய்விடுங்கள். உங்கள் மேல் எனக்கு இரக்கம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்தேன். காட்டினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "அக்கா, அது 'ம்'னு சொல்றது என் குரல்லயான்னு கேட்டு எழுது" என்றாள்.

நான் பேனாவை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். கேக்காத."

அதனால் கேட்கவில்லை. பதில் எழுத வேண்டாம்.

அவளுடைய அக்கா