நான்காவது காயம்

நானா,

இந்த டைரனோசர் பொம்மையின் வாயைத் திறந்தால் ரப்பர் வாசத்தோடு இன்னும் சேற்று வாசம் வருகிறது. ஐந்து வருடத்தில் எத்தனை முறை கழுவியிருப்பேன்! நீங்கள் பார்த்தேயிராத உங்கள் மருமகன், இந்தத் தங்கச்சியின் மகன், இன்று பகல் அதைத் தூக்கி வந்து என் மடியில் வைத்து, "உம்மா, இது பிழை" என்றான்.

உங்களுடைய சொல். கெலிஓயா வீட்டில் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, போனில் அந்த டைனோசர் சினிமாப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பீர்கள். புதிதாக வாங்கிய பொம்மை உருவத்தைப் பக்கத்தில் பிடித்து, தோலின் மடிப்பு, கண்ணின் நிறம், சண்டையில் பட்ட தழும்பு எல்லாவற்றையும் ஒப்பிடுவீர்கள். ஒரு தழும்பு கூடினாலும் "பிழை" என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். கண்டி டவுனில் போன் திருத்துகிற, முப்பது வயது தாண்டிய மனிதர் செய்த வேலை இது.

தொழுகை நேரம் வந்தால், வானவர்கள் வீட்டுக்கு வர வேண்டுமென்று, நம் உம்மா அலுமாரியின் மேல் பெட்ஷீட்டைப் போர்த்துவார். "உருவம் ஈக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வர மாட்டாங்க, தெரியுமா?"

"இதுகள் அழிஞ்சு போன சாதி உம்மா. கணக்கில வராது."

"நீ கலியாணம் முடி. மிச்சத்த வாறவ அழிப்பா."

அந்தச் சிரிப்பெல்லாம் அந்த வீட்டோடு போயிற்று.

அந்தப் பின்னேரம் எனக்கு எட்டாம் மாதம். கலகெதரயில் ஒருவர் வெளிநாடு போகிறார், சேர்த்ததையெல்லாம் விற்கிறார், நீங்கள் தேடிக்கொண்டிருந்த டைரனோசர் அவரிடம் இருக்கிறது என்று தெரிந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்றீர்கள். மறுநாள் காலையில் இன்னொருவர் வாங்க வருவதாக இருந்தது. மழை தொடங்கியிருந்தது. ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள்.

"நாளைக்கிப் போவமா, தங்கச்சி?"

"நாளைக்கி அது ஈக்காது நானா. போயிட்டு வாங்க."

உம்மா சமையலறையில் இருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது இறக்கத்து வளைவில், லொறியின் அடியில். மறுநாள் பொலிசார் உங்கள் பையைக் கொடுத்தார்கள். பெட்டி நசுங்கியிருந்தது. உள்ளே இது. இதன் முகத்தில் நான்கு காயங்கள்.

நான்கும் படத்தில் உள்ளவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அடி பலமாக இருந்திராது, உங்களுக்கு நோகுமுன் முடிந்திருக்கும். இப்படியொரு கணக்கு. படித்தவள்தான், ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் படத்தை மட்டும் பார்க்கவேயில்லை. மற்ற உருவங்களை உம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். இதை நான் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மகன் அதைக் கண்டெடுத்த நாளிலிருந்து, "இந்தப் பூச்சாண்டிதான் என்ட புள்ளய எடுத்த" என்று உம்மா அதை ஏசுகிறார். நான் பேசாமல் இருக்கிறேன். மழை பெய்தால் என் கணவருக்கு மூன்று தரம் போன் பண்ணுகிறேன். மகன் மோட்டார் சைக்கிளைத் தொட்டால் கத்துகிறேன்.

இன்று அந்தப் படம் டீவியில் போனது. நான் துணி மடித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவன் பொம்மையோடு திரைக்குப் பக்கத்தில் போய் நின்று காயங்களை எண்ணியிருக்கிறான்.

"சண்டையில மூணுதான் உம்மா. இதுல நாலு. பிழை."

விரலை வைத்துக் காட்டினான். கண்ணுக்குக் கீழே, மற்ற மூன்றைவிட ஆழமானது. அதில் வண்ணம் இல்லை. உரசிப் போன வெறும் ரப்பர்.

"பெயின்ட் பூசி மறைப்பமா?"

"வேணாம் மகன்."

"ஏன்?"

"மாமா கொண்டு வரக்குள்ள ரோட்டுல பட்டது."

கொஞ்ச நேரம் அந்தப் பள்ளத்தைத் தடவினான். "மாமாக்கு நொந்திச்சா?"

ஐந்து வருடமாகத் தெரியாமல் இருக்க நான் பாடுபட்ட விஷயம். "நொந்திருக்கும்" என்றேன்.

"அந்தச் சனியன எடுத்து வீசு, புள்ள!" என்று உம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

இப்போது அதைத் தலையணையில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். அந்தக் காயம் மேல் பக்கம் பார்த்திருக்கிறது. உங்களைப் போலவே எதையும் சரிபார்க்காமல் விடாத பிள்ளை, நானா. மழையில் மாமாவைப் போகச் சொன்னது யார் என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.