ரயர்க்காரத் தம்பிக்கு

மில்லிக்கன், ரொறன்ரோ
4-5-1994

அன்புள்ள தம்பி வினோதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் பிள்ளை நிரூபாவும் சுகம். நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை இத்தாலியில் அந்தப் பெரிய கார்ப் பந்தய ஓட்டக்காரர் சுவரில் மோதி இறந்ததை இங்கே ரி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அத்தான் வந்து ரி.வி.யை நிறுத்தினார். "உது வினோதன்ரை பந்தயமில்லை. உது பெரிய ஆக்களின்ரை பந்தயம். அதோடை அவன் ரயர் பூட்டுறவன், கார் ஓட்டுறவனில்லை" என்றார். அவருக்கு எல்லாவற்றையும் வேறு வேறாகப் பிரித்து வைக்க முடிகிறது. எனக்குக் கார் என்றால் கார்தான். அடுத்த நாள் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் உங்கள் ஐரோப்பியத் தொடரின் முதல் ஓட்டம். நீ போன் எடுத்து, "அக்கா, முடிஞ்சுது, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்று சொல்லும்வரைக்கும் நான் பக்ரறியில் பிஸ்கட் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிக்கொண்டு நின்றேன். உங்கள் கார் பதினோராவதாக வந்ததாம். பதினொன்று போதும். முழுசாகத் திரும்பி வந்தால் கடைசி இடமும் நல்ல இடம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னை இங்கே எடுப்பதற்குப் பத்திரம் நிரப்பித் தருகிற தில்லையம்பலம் அண்ணையைச் சனிக்கிழமை பிளாசாவில் பார்த்தோம். இனிக் கனடாவுக்குக் காட்ட வேண்டியது ஒரே ஒரு கடிதம்தான் என்கிறார். நீ ஒரே இடத்தில் ஒரு வருடம் முழுக்க மெக்கானிக் வேலை செய்தாய் என்று உன் முதலாளி கையொப்பம் வைத்த கடிதம். "இடையிலை வேலை போச்செண்டால் எல்லாம் முதலிலையிருந்து, தங்கச்சி" என்றார். நீ இந்தப் பந்தயக் குழுவில் போன ஒக்ரோபரில் சேர்ந்தாய். இந்த வருடப் பந்தயம் முடிவதும் ஒக்ரோபரில்தான். ஆகவே எட்டு ஓட்டமும் முடியும்வரைக்கும் முதலாளி அம்மா வேரோனிக்காவுக்கும் தலைமை மெக்கானிக் எட்வேட்டுக்கும் நல்ல பிள்ளையாக இரு. நீ நல்ல பிள்ளைதான். ஆனால் யாராவது கேள்வி கேட்டால் முறைத்துப் பார்ப்பாய். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

நான் யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறியபோது உனக்குப் பதினாறு வயது. ஒன்பது வருடமாகிவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். அதற்கு மேல் எழுதினால் தாள் நனையும்.

இன்னுமொன்று. நீ சிரிப்பாய், சிரி. நாங்கள் எங்கள் வானை வாங்கியபோது நாலு சில்லுக்கும் அடியில் நாலு தேசிக்காய் வைத்து நசித்துத்தான் றோட்டில் இறக்கினோம். இன்றுவரைக்கும் ஒரு கீறல் இல்லை. உங்கள் காருக்கு யாராவது அதைச் செய்தார்களா? அதை ஓட்டுகிற ஹென்றிக் என்கிறவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் நாலு தேசிக்காய் வை. ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. எனக்காகச் செய்.

முருகன் துணை நிற்பான்.

உன் அக்கா,
சிவகௌரி


மில்லிக்கன்
12-6-1994

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வாசித்துவிட்டு மாடிப்படியிலேயே இருந்துவிட்டேன். பிழை முழுக்க என்னுடையது.

நீ எழுதியதை அத்தானுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பிரான்சில் அந்த மலையடி ஊரின் தெருக்களில் பந்தயம். ஒழுங்கான ரயரை மாட்டிவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரத்தில் நாலு தேசிக்காயை வைத்துக் காரை நீ தள்ளியிருக்கிறாய். சாறு காருக்கடியில் ஓடியிருக்கிறது. அதைக் கண்ட ஒருவன் பிரேக் எண்ணெய் ஒழுகுகிறது என்று கத்த, எட்வேட் காரை வெளியே விடாமல் மறித்து, அடித்தட்டைக் கழற்றி, ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்திருக்கிறார். அங்கே புறப்படுகிற வரிசையை முடிவுசெய்கிற தகுதிச் சுற்றுக்கான நேரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முந்திச் செல்லவே இடமில்லாத அந்த ஒடுங்கிய தெருவில் உங்கள் கார் கடைசி வரிசையில் நின்று புறப்பட்டதாம்.

இவ்வளவு வரைக்கும் வாசித்துவிட்டு அத்தான் சிரித்தார். பிறகுதான் மிச்சத்தை வாசித்தேன்.

நீ வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ரயரில் ஒட்டியிருந்த தோலைப் பிய்த்தெடுத்து, "இது நான் வைச்சது" என்று நீட்டினாயாம். அதை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வேரோனிக்கா அம்மா திங்கட்கிழமை உன் பையைக் கட்டச் சொன்னதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருடமாகக் காத்திருந்த ஓட்டம் அவவுக்கு. ஆனால் அந்தத் திங்கட்கிழமை நீ போயிருந்தால், தில்லையம்பலம் அண்ணை சொன்னதுபோல எல்லாம் முதலிலிருந்து. அதுவும் யாரால்? என்னால்.

எட்வேட் அப்போது செய்ததை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். தான் பதினொரு வருடமாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரே சோடிக் காலுறையைத்தான் போடுவதாகவும், பந்தயத்துக்குப் பச்சை ஆகாதென்று நீங்கள்கூடப் பச்சைச் சட்டை போட்டவனைக் கூடாரத்துக்குள் விடுவதில்லையே என்றும் அவவிடம் சொன்னாராம். இவனை அனுப்புவதென்றால் என்னையும் என் காலுறையையும் சேர்த்து அனுப்புங்கள் என்றாராம். அதற்கு அவ, பழம் பச்சையாக இருந்ததுதான் தனக்கு இன்னும் கோபம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாவாம். எங்களைத்தான் ஊரெல்லாம் சகுனம் பார்க்கிற சனம் என்கிறார்கள், தம்பி. இவர்களை என்ன சொல்வது?

நேற்று றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் எட்வேட்டின் பெயரில் அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? உன் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டேன். எட்வேட் என்ற பெயரை ஐயர் ஒரு தரமும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையாருக்கு விளங்கியிருக்கும்.

அவருக்குக் கம்பளிக் காலுறை ஒரு சோடி பின்னி அனுப்புகிறேன். பார்சல் கட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன். தயவுசெய்து பந்தய நாளில் போடக்கூடாது என்று சொல். எங்களால் இன்னொரு குழப்பம் வரக்கூடாது. மற்ற நாட்களில் வீட்டில் போடட்டும்.

இனிமேல் நான் உனக்குப் புத்தி சொல்ல மாட்டேன். சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்வேன்.

பிள்ளையார் உன்னையும் உனக்காக வாய் திறந்த அந்த மனிதரையும் காக்கட்டும்.

வெட்கத்தோடு,
அக்கா


மில்லிக்கன்
14-8-1994

அன்புத் தம்பி வினோதனுக்கு,

சிசிலியிலிருந்து நீ போட்ட ஏரிப் படமும், ஜேர்மனியிலிருந்து போட்ட கடிதமும் ஒரே நாளில் வந்தன. நிரூபா தன் பள்ளிக்கூட அட்லஸில் நீ போன இடங்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து வைத்திருக்கிறாள். "மாமா இஸ் சோ லக்கி, அம்மா" என்கிறாள். ஒவ்வொரு எல்லையிலும் லொறியிலிருந்து உன்னை மட்டும் இறக்கி, உன் அகதிப் பயணப் பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. மற்றவர்கள் லொறியை நகர்த்தாமல் உனக்காகக் காத்து நிற்பார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைச் சொன்னேன்.

ஹென்றிக் ஜேர்மனியில் மூன்றாவதாக வந்ததற்கு இங்கே நாங்கள் பாயாசம் காய்ச்சினோம். அத்தான் புத்தகக் கடையில் நின்றபடியே ஆங்கிலப் பந்தயப் பத்திரிகையைப் புரட்டி, உங்கள் குழுவின் பெயர் இரண்டு வரியில் வந்திருக்கிறது என்று ஓடிவந்து சொன்னார்.

போன மாதம் ஒரு வேலை செய்தேன், கேட்டால் நம்ப மாட்டாய். இங்கே ஏரிக்கரைத் தெருக்களை மறித்து வருடத்துக்கொரு கார்ப் பந்தயம் நடக்கிறது. அத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் மில்லிக்கனிலிருந்து அங்கே போய்ச் சேரவே இரண்டு மணித்தியாலம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கம்பிவேலிக்குப் பின்னால் நின்றோம். முதல் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ரயர் மாற்ற ஒரு கார் பாதையை விட்டு உள்ளே வந்தது. ஒருவன் கீழே முழங்காலில் இருந்து சில்லைக் கழற்றி, மற்றதைப் பூட்டி, கையைத் தூக்கினான். மூச்சு விடுகிற நேரம்தான். கார் போன பிறகும் அவன் முழங்காலிலேயே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் வேலை என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓடுகிறவனின் உயிர் உன் கையில் இருக்கிறது. நான் இவ்வளவு நாளும் உன் உயிரைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்தேன். உன்னை நம்பி ஒருவன் அந்தக் காரில் ஏறுகிறான், வினோதா. நான் வளர்த்த பிள்ளையை நம்பி.

உனக்கான அறைக்கு அத்தான் வெள்ளை அடித்துவிட்டார். ஸ்ரீல்ஸ் றோட்டில் கராஜ் வைத்திருக்கிறவர் நீ வந்திறங்கிய அடுத்த நாளே வேலைக்கு வரலாம் என்கிறார். தில்லையம்பலம் அண்ணை மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார், அந்த ஒரு கடிதத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறது.

ஒன்று கேட்கட்டுமா? உன் கடைசி மூன்று கடிதங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ரயர் சூடாகும் விதம், மழை வந்தால் என்ன செய்வது, எட்வேட் சொல்லித் தந்த காற்றழுத்தக் கணக்கு, எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. ரொறன்ரோ என்ற சொல் ஒன்றிலும் இல்லை. மறதியாக இருக்கும். நான் குற்றமாக எழுதவில்லை.

அடுத்த ஓட்டம் நடக்கிற பெல்ஜியத்தில் எப்போதும் மழையாம். தலையைத் துடை.

எல்லா நலமும் உனக்குக் கூடட்டும்.

அக்கா


மில்லிக்கன்
23-10-1994

என் அன்புத் தம்பிக்கு,

உன் பதிவுத் தபால் புதன்கிழமை வந்தது. கையெழுத்துப் போட முதலே நான் உறையைப் பிரிக்கப் பார்த்ததைக் கண்டு தபால்காரி, கெட்ட செய்தியா என்று கேட்டாள். இல்லை, நல்ல செய்தி என்றேன்.

முதலாளி அம்மாவின் கடிதத்தில் ஒரு வருடமும் மாதக் கணக்கும் திகதியும் எல்லாம் இருக்கின்றன. தில்லையம்பலம் அண்ணை கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "இதுக்கு மேலை ஒரு கடிதம் ஒருத்தனும் குடுக்கேலாது, தங்கச்சி, உங்கடை தம்பி வந்தமாதிரித்தான்" என்றார். வருடக் கடைசியில் உங்கள் குழு நாலாவது இடம் என்று அறிந்து அத்தான் பிளாசா முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவர் பேச்சைக் கேட்டால் அவர்தான் கார் ஓட்டினார் என்று நினைப்பார்கள்.

எட்வேட் தனியாக எழுதி வைத்திருந்த தாளை நிரூபா வாசித்துத் தமிழில் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் தன் கையில் வேலை பழகியவர்களில் நீதான் பிழையை மறைக்காதவன் என்று எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் ஒரு காரை முழுதாக உன் பொறுப்பில் தரப்போவதாகவும், ஆனால் கனடாவில் அக்கா காத்திருக்கிறா என்று தெரியும், நீ போனால் தான் தடுக்கப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். என் காலுறைக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். நிரூபா வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அதற்குக் கீழே நீ ஒரு வரி எழுதியிருந்தாய். "அக்கா வா எண்டால் வாறன்."

தம்பி, வா என்றுதான் முதலில் எழுதினேன். இரண்டு பக்கம். எழுதி, மடித்து, முத்திரையும் ஒட்டிவிட்டேன். அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இருந்து யோசித்தேன். நான் சொன்னேன் என்பதற்காக நீ முன்னர் ஒரு வேலை செய்தாய். அதில் உன் வேலையே போகப் பார்த்தது. நான் சொன்னால் இப்போதும் கேட்பாய். வந்து, ஸ்ரீல்ஸ் றோட்டுக் கராஜில் பனிக்கால ரயர் மாற்றுவாய். மாலையில் வீட்டுக்கு வந்து நான் சமைத்ததைச் சாப்பிடுவாய். முறைத்துக்கூடப் பார்க்க மாட்டாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன்.

நீ அங்கேயே நில். அந்தக் காரைப் பொறுப்பெடு. எனக்குக் கவலை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அத்தான் அடித்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் அந்த அறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். ஆனால் நன்றி என்பது அதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஊரை விட்டுத் தனியாக ஓடிய பிள்ளைக்கு எல்லையில் லொறியை நிறுத்திக் காத்து நின்றவர்கள் அவர்கள். கோபம் வந்தும் மன்னித்தவ அந்த வேரோனிக்கா அம்மா. ஒன்பது வருடமாக நான் தர முடியாததை எட்வேட் ஒரு வருடத்தில் தந்திருக்கிறார். அவர்கள் எல்லாருக்கும் அக்காவின் கும்பிடு என்று சொல். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் கையைக் கூப்பிக் காட்டு.

தில்லையம்பலம் அண்ணையிடம் வேறொன்று கேட்டேன். பார்த்துவிட்டுப் போக மட்டும் வரலாமா என்று. "திரும்பிப் போறதுக்கு வேலை இருக்கிற ஆளுக்குத்தான் அந்த விசா குடுப்பாங்கள். இந்தக் கடிதத்தோடை நிச்சயம் குடுப்பாங்கள்" என்றார். உங்களுக்குப் பனிக்காலத்தில் பந்தயம் இல்லைத்தானே. தை மாதம் மூன்று கிழமை வா. பொங்கலுக்கு நில். பிறகு போ. போகும்போது நான் அழுவேன், அதைக் கணக்கெடுக்காதே.

இப்போது எனக்கிருப்பது ஒரு பயம்தான். விமான நிலையத்தில் ஆட்களுக்கு நடுவில் நீ வரும்போது நான் உன்னை அடையாளம் காணாமல் நின்றுவிடுவேனோ என்று. ஒரு புதுப் படம் அனுப்பு. தனியே நின்று எடுக்காதே, வினோதா. அவர்கள் எல்லாரோடும் சேர்ந்து நின்று எடு.

நீ நல்லாயிரு, என் ராசா.

உன்னை வளர்த்த அக்கா,
சிவகௌரி